ராசியான நெஞ்சு

லோகநாதனைக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றது. அந்த லைன் வீடுகளின் முன்னால் அதுவரை கார் வந்ததெல்லாம் ஓட்டுக் கேட்கவும், ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் கொண்டுவரவும்தான். டிரைவர் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தான்.

"மெதுவா வாங்கண்ணா. ஒண்ணும் அவசரமில்லீங்க."

வீட்டுப்படிக்கும் காருக்கும் நடுவில் லோகநாதன் இருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ராடு மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் இதே டிரைவர் அவனை "அடேய் லோகு, செத்தா போயிட்ட" என்றுதான் எழுப்புவான். இப்போது அண்ணா, வாங்க, போங்க.

ஜீவிதா வாசலில் நின்றாள். அவனுடைய பொண்டாட்டி. எண்ணெய் ஆலையில் புங்கங்கொட்டை உடைக்கிறவள். கழுவினாலும் போகாத பழுப்பு விரலெல்லாம் ஏறிக் கிடந்தது.

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க மாமா."

"இன்னிக்கு ரெண்டு வண்டி இருக்குது புள்ள. மொதலாளி சொல்லிப்புட்டாரு."

"டாக்டரும் சொல்லிப்புட்டாருங்க. மழைக்கு முந்திக் கழுவலீன்னா நெஞ்சு கெட்டியாயிரும், அப்பறம் கழுவியும் புண்ணியமில்லைன்னு."

"மழைக்கு இன்னும் நாள் கெடக்குது."

பேசி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. டிரைவர் கதவைச் சாத்தினான்.

டீசல் நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. லாரியும், ஆழ்துளை போடுகிற ரிக் வண்டியும், அதன் கம்ப்ரசரும் எண்ணெய் வித்துகளில்தான் ஓடின. புங்கம், வேம்பு, இலுப்பை, ஓட்டலில் பொரித்து மிச்சமான எண்ணெய், எது கிடைத்ததோ அது. கம்ப்ரசர் பக்கத்தில் நின்றால் டீசல் நாற்றம் போய் பஜ்ஜிக்கடை வாசம் வந்தது. நாட்டுக்கு நல்லது என்றார்கள். செடி குடித்த காற்றைத்தானே செடி எண்ணெய் திருப்பி விடுகிறது, கணக்கு நேராகிவிட்டது என்றார்கள். கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர்களும் ஒரு தப்புக் கணக்குப் போட்டார்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் துளை போடும்போது கொசு பிடுங்கும். ஷிஃப்ட் மாறித் தூங்கப் போகிறவர்கள் சைலன்சர் குழாயைப் படுக்கை பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். வேப்பெண்ணெய்ப் புகைக்குக் கொசு வராது. குளிருக்கும் ஆச்சு. சாமிக்கு விளக்கேற்றுகிற எண்ணெய், அது போய் மனுசனை என்ன பண்ணிவிடும்? லோகநாதன் அப்படித்தான் நினைத்தான். கூடப் படுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கொசு நிஜமாகவே வரவில்லை.

ராடு தூக்க முடியாமல் போனதும் முதலாளி கவின்குமார் அவனை நிறுத்திவிட்டார். கவின்குமாருக்குச் சொந்தமாக ரிக் வண்டிகள் நிறைய. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பியவர். நிறுத்தியதும் தீபாவளி கழித்துத்தான்.

அப்புறம்தான் சட்டம் மாறியது. புகையை அளக்கிற மெஷினை எல்லா முதலாளிகளும் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினுக்குள் இருந்த கம்ப்யூட்டருக்குக் குழாயில் கருவி சொருகுவது தெரியும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகட்டி உட்காருகிற மாதிரி எஞ்சின் அடங்கிவிடும். கருவி வெளியே வந்தால் பழையபடி கக்கும். இது நாறிப்போய், கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. மெஷின் பொய் சொல்லும், எஞ்சின் பொய் சொல்லும், நுரையீரல் பொய் சொல்லாது. ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும். உட்காருவதற்கு முன்னால் மீட்டரில் ஒரு ஊது, எழுந்த பின்னால் ஒரு ஊது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எஞ்சின் விட்ட நஞ்சு. உட்காருகிறவனுக்கு மூச்சாள் என்று பேர் வந்தது.

முதலாளிகள் மலையிலிருந்து நல்ல நெஞ்சுள்ள வாலிபர்களாகப் பார்த்துக் கூட்டிவந்தார்கள். வண்டிகள் வரிசையாக ஃபெயிலாயின. ஒருநாள் கவின்குமாரின் மூச்சாள் புகையைப் பார்த்துவிட்டு ஓடிப்போனான். அன்றைக்கு ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு யார்டு வாசலில் நின்றிருந்த லோகநாதனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பாஸ். அடுத்த வண்டி, பாஸ். குப்பையில் போட வேண்டிய கம்ப்ரசர் ஒன்று, அதுவும் பாஸ்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தேங்காயை உள்ளங்கையில் நிற்கவைத்து நீரோட்டம் பார்த்துத் துளை போடுகிறவர்கள். அவர்களுக்கு இதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். ராசி. லோகநாதனுடைய நெஞ்சு ராசியான நெஞ்சு. மற்ற முதலாளிகளும் கார் அனுப்பினார்கள். சோதனைக்கு உட்காரும் முன் அவன் சட்டைப் பித்தானைக் கழற்றி நெஞ்சில் குங்குமம் வைத்தார்கள். காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

கார் வந்து கூட்டிப்போன அன்றைக்குச் சோதனைக் கூடத்தில் புது எஞ்சினியர் இருந்தாள். நிலோஃபர் என்று பேர், வாணியம்பாடிப் பக்கம். லோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்தான். கம்ப்ரசர் எழும்பியது. வெண்புகை கூரையில் முட்டிக் கீழே இறங்கியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முகமூடியோடு நின்றிருந்த நிலோஃபருக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது. லோகநாதன் கையைக் கட்டிக்கொண்டு, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தான்.

முடிந்ததும் ஊதினான். திரையில் பச்சை விழுந்தது.

"பாத்தீங்களா மேடம்," என்றார் கவின்குமார். "எங்க வண்டி பால் மாதிரி."

"பாலுக்கா சார் எனக்குக் கண்ணு எரியுது?"

"புதுசா வந்திருக்கீங்க. பழகிருமுங்க."

அவள் திரையை விட்டு நகரவில்லை. மேலே இருந்த முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் போடுவதற்கு முன்னால் அவன் ஊதிய ஊது.

"அண்ணே, உங்களுக்கு நெஞ்சுல என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க மேடம்."

"படி ஏறுவீங்களா?"

"நம்மூட்ல மாடி இல்லீங்களே," என்றான் லோகநாதன். கவின்குமார் கையைத் தட்டிச் சிரித்தார். லோகநாதனுக்கும் சிரிப்பு வந்தது, அது இருமலாகி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜீவிதா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சோதனைக் கூடத்துக்கு வந்தாள். வாசல் டீக்கடையில் நிலோஃபரைப் பிடித்தாள்.

"நான் லோகநாதன் ஊட்டுக்காரிங்க. மூச்சாளா வர்றாரே."

நிலோஃபர் டம்ளரைக் கீழே வைத்தாள். "உக்காருங்கக்கா. நானே உங்களத் தேடணும்னு நெனச்சேன்."

"அவரு நெஞ்சு ராசிங்கறாங்க. அப்படி என்ன மேடம் ராசி? எனக்கு வௌங்குற மாதிரி சொல்லுங்க."

நிலோஃபர் சுற்றிப் பார்த்தாள். கடைக்காரர் மேஜை துடைக்கிற துணி, சொட்டச் சொட்ட வாளி விளிம்பில் கிடந்தது.

"அந்தத் துணியால தரையத் துடைச்சா தண்ணிய உறிஞ்சுமா?"

"அதுவே சொட்டுது. எங்கிருந்து உறிஞ்சும்?"

"அதுதான்க்கா. மெஷின் முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு கழிச்சுப் பாக்குது. நல்ல நெஞ்சுன்னா புகைய உறிஞ்சும், வித்தியாசம் தெரியும், வண்டி ஃபெயில். உங்க வீட்டுக்காரர் நெஞ்சு ஏற்கெனவே நெறஞ்சு போச்சு. இன்னும் உள்ள போறதுக்கு எடமே இல்ல. வித்தியாசம் ஒண்ணும் வராது. வண்டி பாஸ்."

"அப்ப செத்த நெஞ்சுதான் ராசி," என்றாள் ஜீவிதா.

"ஆமா."

"இது மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். தெரிஞ்சா ஊர்ல இருக்கிற சீக்காளி எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு வருவாரு."

"மேடம், பெரியாஸ்பத்திரியில அவருக்கு நெஞ்சு கழுவ எடம் கெடச்சிருக்குது. உப்புத்தண்ணி உட்டுக் கழுவி எடுப்பாங்களாம். ஒரு பக்கம் கழுவிட்டு, கொஞ்ச நாள் உட்டு மறுபக்கம். மழைக்கு முந்தி முடிச்சா ஆள் பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்றாரு. இவரு வரமாட்டீங்குறாரு."

"பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. கழுவிட்டா ராசி போயிருமாம்." அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டாள். "வேலைக்குப் போன நாள்ல அவர ஒருத்தரும் மனுசனா மதிச்சதில்ல. இப்ப காரு, நாற்காலி, குங்குமம். மரியாதை வேணுமுன்னு சாவறாருங்க. நான் சொன்னா, உனக்குப் பொறாமைங்குறாரு."

"நான் என்ன பண்ணணும்க்கா?"

"அவர ஃபெயில் போட்டுருங்க."

நிலோஃபர் சிரிக்கவில்லை. "வண்டியத்தான் ஃபெயில் போட முடியும். ஆளுக்கு ஃபெயில் கிடையாது. ஒண்ணு பண்ணலாம். இந்த நெஞ்சு நெறஞ்ச நெஞ்சு, இத வெச்சு எஞ்சினை அளக்க முடியாதுன்னு உண்மைய எழுதலாம். எழுதுனா அப்பறம் அவர எந்தக் கூடத்துலயும் உக்காரவைக்க மாட்டாங்க."

"அதை எழுதுங்க."

"எழுதுனா மேல போகும்க்கா. அங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"மேல என்னமோ ஆகட்டும் மேடம். எனக்குக் கீழ இருக்குற ஆளு வேணும்."

நிலோஃபர் எழுதினாள்.

கார் வருவது நின்றுபோயிற்று. லோகநாதன் இரண்டு நாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் தானே பஸ் ஏறி யார்டுக்குப் போனான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. திரும்பி வந்தவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். கத்துவதற்கு மூச்சு இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் திட்ட முடிந்தது.

"நீ... தான... போய்ச்... சொன்ன."

"ஆமா, நாந்தான்."

"என்... பொழப்ப..."

"அது பொழப்பா மாமா? உங்க நெஞ்ச ஸ்டெப்னி டயராட்டம் வண்டிக்கு வண்டி மாத்தி மாட்டுறாங்க, அது பொழப்பா?"

"நீ... கொட்டை ஒடைக்கற... எண்ணெயிலதான்டி... அதும் ஓடுது."

அவள் சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாள். அந்த வாரம் முழுவதும் அவன் அவளோடு பேசவில்லை. வேறு போக்கிடமும் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்தான்.

வலது பக்கத்தை முதலில் கழுவினார்கள். நர்ஸ் ஒருத்தி ஜீவிதாவைக் கூப்பிட்டுக் கண்ணாடி ஜாடிகளைக் காட்டினாள். முதல் ஜாடியில் இருந்தது புண்ணாக்குக் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. அடுத்தடுத்த ஜாடிகளில் நிறம் வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆயிற்று.

"இதெல்லாம் அவருக்குள்ளயா இருந்துச்சு?"

"ஒரு பக்கத்துல மட்டும்," என்றாள் நர்ஸ்.

சில நாளில் அவனை எழுப்பி நடக்கவிட்டார்கள். வராந்தாக் கோடிவரை போய்த் திரும்பினான். மறுபடியும் போனான். பிறகு யாரிடமும் கேட்காமல் மாடிப்படி ஏறிவிட்டான். ஜீவிதா பதறிப் பின்னால் ஓடினாள். மேல்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல புள்ள." ஒரே மூச்சில் சொன்னான். அதைக் கவனித்துத் தானே சிரித்தான். "காத்து இவ்வளவு லேசாவா இருக்கும்? எல்லாத்துக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"எல்லாத்துக்கும் இப்படித்தானுங்க."

"திருட்டுப் பசங்க. ஒருத்தனும் சொல்லல பாரு."

அவள் அழுதாள். அவன் அவள் தலையில் லேசாகக் குட்டினான். "எந்திரி. அந்த டாக்டர்கிட்டக் கேளு, எடது பக்கம் எப்பன்னு. நாளைக்கேன்னாலும் படுக்கறேன்."

டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தார். வானம் இன்னும் வெளுத்துத்தான் கிடந்தது. மழைக்கு முன்னால் முடிந்துவிடும்.

அந்தத் தேதியன்று காலையில் அவனை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனவர்கள், பாதி வழியில் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கையில் ஒரு தாள். பின்னால் நிலோஃபர் நின்றாள். ஜீவிதா அவளிடம் ஓடினாள்.

"என்ன மேடம்?"

"கோர்ட் உத்தரவுக்கா."

"கோர்ட்டுக்கும் எங்களுக்கும் என்னங்க?"

நிலோஃபர் ஜீவிதாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் எழுதினது மேல போச்சு. உங்க வீட்டுக்காரர் உக்காந்து பாஸான வண்டி எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டாங்க. ஓனருங்க சங்கம் கேஸ் போட்டுருச்சு. அந்த ஆள் நெஞ்சு நெறஞ்சிருந்துச்சுன்னு அரசாங்கம் நிரூபிக்கட்டும்ங்கறாங்க."

"நிரூபிக்கட்டுமே. ஜாடி ஜாடியா எடுத்தாங்களே."

"அந்த ஜாடிய அன்னிக்கே கொட்டிட்டாங்கக்கா."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "வலது பக்கம் கழுவியாச்சு, அதுல இனி ஒண்ணும் இல்ல. எடது பக்கம் மட்டுந்தான் பாக்கி. அதைக் கழுவுனா சாட்சியம் அழிஞ்சிரும்னு ஸ்டே வாங்கியிருக்காங்கம்மா."

"யாரு? மொதலாளிகளா?"

"ரெண்டு பேரும்," என்றாள் நிலோஃபர். "அரசாங்க வக்கீலுக்கும் அது வேணும், சங்கத்து வக்கீலுக்கும் அது வேணும். அந்தக் கேஸுல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

தள்ளுகட்டிலில் படுத்தபடியே லோகநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப இன்னிக்கு இல்லையா?" என்று கேட்டான். அவன் டாக்டருடைய கோட்டைப் பிடித்தான். "சார். உங்க காலப் புடிக்கறனுங்க சார். மயக்க மருந்து இல்லாமக்கூடக் கழுவுங்க."

டாக்டர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். முரட்டுத்தனம் இல்லை. அவருக்கும் வேலை போய்விடும்.

"நான் எழுதாம இருந்திருக்கணும்க்கா," என்றாள் நிலோஃபர்.

"நான் சொல்லித்தான எழுதுனீங்க," என்றாள் ஜீவிதா. அதை ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக்காட்டிச் சொன்னாளா என்று நிலோஃபருக்குத் தெரியவில்லை.

கோர்ட் வராந்தாவில் கவின்குமார் வந்து ஜீவிதாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்.

"லோகு எப்படியிருக்கான் அம்மிணி?"

"பாக்கறீங்களே."

"என்மேல கோவம் வேண்டாம். எனக்கு வண்டி அத்தனையும் நின்னு கெடக்குது. வக்கீலு சொல்றாரு, நான் கையெழுத்துப் போடறேன். கேஸ் முடிஞ்ச மறுநாள் நானே கார் அனுப்பறேன், கழுவிக்கலாம்."

"எப்ப முடியுமுங்க?"

கவின்குமார் பழப்பையை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

நீதிபதி அம்மா நல்லவர்தான். வலது நுரையீரலைக் கழுவியது அறியாமையால் செய்த செயல், அதற்காக மனைவிமேல் நடவடிக்கை வேண்டாம் என்றார். லோகநாதனை நிற்கவைக்க வேண்டாம், உட்காரட்டும் என்றார். மிச்சமுள்ள இடது நுரையீரல் வழக்கின் சாட்சியப் பொருள். அதை அரசு மருத்துவமனையில் போலீஸ் காவலில் வைக்கலாம், அல்லது மனைவி பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவர் பொறுப்பில் வீட்டுக்கு விடலாம் என்றார். மனிதாபிமானம் கருதி இரண்டாவது வழியைத் தாமே எடுத்துச் சொன்னார்.

குமாஸ்தாவின் மேஜைக்கு ஜீவிதாவை அனுப்பினார்கள். பிடிபட்ட லாரிகளையும் டிராக்டர்களையும் ஓனர் பொறுப்பில் விடுவதற்கு வைத்திருந்த அதே பத்திரம். குமாஸ்தா 'வாகனம்' என்ற இடத்தை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

"பொருளை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ, மாற்றம் எதுவும் செய்யவோ மாட்டேன். கோர்ட்டார் கூப்பிட்டபோது இதே நிலைமையில் ஆஜர் செய்வேன். சம்மதமாம்மா?"

"இதே நிலைமையிலன்னா என்னங்க?"

"இப்ப எப்படி இருக்குதோ அப்படியே. மோசமாவும் ஆகக்கூடாது, நல்லாவும் ஆகக்கூடாது."

"அது என் கையிலயாங்க இருக்குது?"

"பத்திரத்துல அப்படித்தாம்மா இருக்குது." அவர் பேனாவை உதறிக்கொண்டார். "தற்போதைய நிலைமைன்னு ஒரு கட்டம் இருக்குது. வண்டின்னா ஓடுது, ஓடலன்னு எழுதுவேன். இதுக்கு என்னன்னு எழுத?"

பெஞ்சிலிருந்து லோகநாதன் சொன்னான்.

"ஓடுதுன்னு எழுதிக்குங்க சார்."

குமாஸ்தா எழுதினார். பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அடுத்த வாய்தா தேதியை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார். ஜீவிதா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்ததும் அவன் கேட்டான். "எப்பவாம் புள்ள?"

"தையிலயாமுங்க."

"மழையெல்லாம் ஓஞ்சப்பறமா."

"ஆமாங்க மாமா."

அவன் சரியென்று தலையை ஆட்டினான். அவள் தோளைப் பிடித்து எழுந்தான். கோர்ட் படிகளில் இறங்கும்போது, இறங்குவதற்கே, மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.